பழைய ஜீப்புக்குத் துணி டாப்: குறைந்த செலவில் நாமே தைப்பது

ஜீப் டாப்புகள் துணி நைந்து கிழிவது குறைவு. தளர்வாக நின்று, காற்றில் படபடத்து, தையலோரம் பிய்ந்து போவதுதான் அதிகம். இல்லையென்றால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே குழி விழுந்து, மழைத்தண்ணீர் தேங்கி, கனம் தாங்காமல் இழுபட்டுக் கிழியும். 4 அடிக்கு 2 அடி குழியில் சராசரியாக ஒரு அங்குலம் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 19 கிலோ. அதோடு பள்ளத்தில் வண்டி ஒரு குதி குதித்தால் எந்தத் துணியும் தாங்காது. விறைப்பாக நிற்கும் சாதாரண லாரித் தார்ப்பாய், தொங்கிக்கொண்டிருக்கும் விலை உயர்ந்த துணியைவிட அதிக நாள் உழைக்கும். கீழே வரும் அளவுகள், மடிப்புகள், பட்டன் இடைவெளிகள் எல்லாமே இந்த விறைப்புக்காகத்தான்.

மஹிந்திராவின் சிஜே 3பி, சிஜே 500, எம்எம் 540, மேஜர், 2010இல் வந்த முதல் தார் போன்ற, முன்னால் இரண்டு சீட்டும் பின்னால் பக்கவாட்டு பெஞ்சும் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. பழைய ஜீப்புகளின் பாடி பலமுறை பட்டறை கண்டிருக்கும். ஒன்றின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே இங்கே தரும் எண்களை மாதிரியாக வைத்துக்கொண்டு, உங்கள் வண்டியை அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியிலிருந்தே துணி டாப்போடு வந்த வண்டிக்குத் துணியை மாற்றுவது பழுதுபார்ப்பு. ஹார்ட் டாப்பாக (கெட்டிக் கூரையோடு) பதிவான வண்டியின் கூரையை வெட்டிவிட்டுத் துணி போடுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பேசும் மாற்றம். அந்த வேலைக்கு இறங்குமுன் ஆர்சி புத்தகத்தில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் எலும்புக்கூடு

துணிக்கு வடிவம் கொடுப்பது அதன் கீழே நிற்கும் வளைவுக் குழாய்கள். இனி இவற்றை வில் என்போம். பழைய வில் இருந்தால் நேராக்கித் துருவைச் சுரண்டிப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் ஒரு அங்குல வெளிவிட்டம், 16 கேஜ் கனமுள்ள எம்எஸ் (சாதா இரும்பு) பைப் எடுங்கள். மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். 48 அங்குல அகலம், இரு பக்கமும் 34 அங்குலக் கால் என்று வைத்தால் ஒரு வில்லுக்கு 3 மீட்டருக்குள் முடியும். 6 மீட்டர் பைப் ஒன்றில் இரண்டு வில் கிடைக்கும். 6 அடி நீளக் கூரைக்கு இரண்டே போதும் என்று தோன்றும். மூன்று வையுங்கள். தாங்கல் இல்லாத இடைவெளி 2 அடிக்கு இறங்கினால் குழி விழும் தொல்லையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாவது பைப்பில் மிஞ்சுவது கதவுச் சட்டத்துக்கு ஆகும்.

பிவிசி பைப்பில் வில் செய்தால் மலிவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. குளிர் நாட்டில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் துணியின் இழுப்புக்கு மெல்ல மெல்ல வளைந்து கொடுத்து, இரண்டே மாதத்தில் கூரை தட்டையாகிவிடும். மாதிரி பார்க்க வேண்டுமானால் வையுங்கள்; நிரந்தரத்துக்கு வேண்டாம்.

பைப் வளைக்கும் கருவி உள்ள பட்டறையில் கொடுத்தால் வேலை சுத்தமாக இருக்கும். நீங்களே வளைப்பதானால் பைப்பில் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையிலும் மரக்கட்டை அடித்து மூடிவிட்டு வளையுங்கள். இல்லையென்றால் வளைவில் பைப் நசுங்கும். வளைவின் ஆரம் 5 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். சூடுகாட்டி வளைப்பதாக இருந்தால் மணல் நன்றாக வறண்டிருக்க வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே நீராவி அடைபட்டுக் கட்டை துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும்.

வில்லின் மேல்பகுதி தட்டையாக இருக்கவே கூடாது. நடுவில் 2 அங்குலம் மேடு கொடுங்கள். நீளவாட்டில் பார்க்கும்போது முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு தாழ்வாகவும், நடு வில் எல்லாவற்றிலும் உயரமாகவும், கடைசி வில் அதைவிட ஒரு அங்குலம் தாழ்வாகவும் இருக்கட்டும். தண்ணீர் முன்னும் பின்னும் பக்கங்களிலும் ஓடிவிடும். பின் பெஞ்சில் உட்காரும் உயரமான ஆளின் தலைக்கு மேல் குறைந்தது 4 அங்குல இடம் விடுங்கள். காட்டுப்பாதையில் எல்லோர் தலையும் ஒருமுறையாவது மேலே போய்வரும்.

வில்லின் கால்கள் பின்பாடியின் உள்விளிம்பில் பற்றவைத்த சாக்கெட்டில் இறங்க வேண்டும். குறுக்கே 8 மிமீ போல்ட் ஒன்று போட்டு முடுக்குங்கள். சாக்கெட்டின் அடியில் ஒரு சிறு துளை விடாவிட்டால் மழைநீர் நின்று, வில்லின் கால் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் கையோடு வந்துவிடும்.

வில்கள் முன்னும் பின்னும் சாயாமல் இருக்க, முன்கண்ணாடிச் சட்டத்திலிருந்து கடைசி வில் வரை 2 அங்குல அகலப் பெல்ட் இரண்டு ஓட வேண்டும். பாலியஸ்டர் பெல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும். மழையில்தான் விறைப்பு தேவை, அப்போதுதான் அது கைவிடும்.

ஏசி காப்பர் பைப்புக்குப் போடும் ஃபோம் குழாயை வில்லின் மேல்பகுதியில் மாட்டி, அதன் மேல் டாப் துணியிலேயே ஒரு பட்டை சுற்றித் தைத்துவிட்டால் உராய்வு குறையும். கறுப்பு ரப்பரை நேரடியாகப் பிவிசி துணியில் படவிட்டால் நாளடைவில் போகாத கறை ஏறும். சைக்கிள் ட்யூப் சுற்றுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த வில் துணியைத் தாங்க மட்டுமே. வண்டி உருண்டால் இது ஆளைக் காப்பாற்றாது. சீட் பெல்ட்டை இதில் கட்டக் கூடாது. வண்டியில் ஏற்கெனவே ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் கனமான பைப் கூடு) இருந்தால் தனி வில் வேண்டாம், அதன் மேலேயே டாப்பை அமைத்துவிடலாம்.

துணி

கடையில் கிடைப்பவற்றில் இரண்டே இரண்டுதான் பரிசீலிக்கத்தக்கவை.

ஒன்று, பிவிசி பூச்சுள்ள பாலியஸ்டர் தார்ப்பாய்த் துணி, 600 முதல் 650 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). சுருங்காது, பூஞ்சை பிடிக்காது, சூட்டில் ஒட்டவைக்கலாம். குறை, ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் நிரந்தரத் துளை. அதை அடைத்தாக வேண்டும்.

இரண்டு, மெழுகேற்றிய பருத்திக் கித்தான். துணியின் நூல் நனைந்தால் உப்பித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும், உள்ளே வியர்க்காது, சத்தமும் குறைவு. ஆனால் கனம் அதிகம், ஈரத்தோடு மடித்து வைத்தால் கறுப்புப் புள்ளி விழும், சுருங்கவும் செய்யும். மெழுகேற்றாத கித்தான் எடுத்தால் வெட்டுமுன் ஒருமுறை நனைத்து வெயிலில் காயப்போட்டே ஆக வேண்டும்.

செலவு குறைய வேண்டும் என்பவர்களுக்குப் பிவிசியே நல்லது. நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரித் தொழில் உள்ள ஊர்களில் தார்ப்பாய்க் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கேட்டுப் பாருங்கள். பக்கத்திரைக்கும் ஒட்டுத்துண்டுக்கும் அவை போதும்.

சீட்டுக்குப் போடும் ரெக்சின் வேண்டாம். அதன் முதுகில் இருக்கும் மெல்லிய பருத்தி வலை நனைந்து இற்றுவிடும், வெயிலில் நீளும். நீலப் பாலித்தீன் பாயும் வேண்டாம். தையல் போட்ட வரியிலேயே கிழியும். விளம்பர பேனர் பிளெக்ஸ் பார்க்கத் தார்ப்பாய் மாதிரியே இருந்தாலும் பாதிக் கனம்தான், ஊசித்துளையில் விரிந்துகொண்டே போகும். ஆனால் பழைய பேனரை விட்டுவிடாதீர்கள், அதற்கு வேறொரு முக்கியமான வேலை இருக்கிறது.

60 அங்குல அகலத் துணியில் மேல்துணி, பின்திரை, இரண்டு பக்கத்திரைகள், ஒட்டுத்துண்டுகள் எல்லாம் சேர்த்து 7 மீட்டர் ஆகும். கதவுகளும் வேண்டுமானால் 9 மீட்டர். 650 ஜிஎஸ்எம்மில் 7 மீட்டர் துணியே 7 கிலோவை நெருங்கும், வெட்டும்போது தரை வேண்டும், மேசை போதாது. கறுப்பு நிறம் வெயிலை வாரி இழுக்கும். காக்கி, சாம்பல், வெளிர்பச்சை நல்லவை. பட்டாளப் பச்சைத் துணியைப் பார்த்து ஆசைப்பட்டு வண்டிக்கும் அதே நிறம் அடிக்கக் கிளம்ப வேண்டாம்: ஆலிவ் பச்சைப் பெயின்ட் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது.

மற்றவை: கண்ணாடிபோல் தெரியும் பிவிசி ஷீட் 0.5 முதல் 0.75 மிமீ கனத்தில் 2 மீட்டர். 2 அங்குலப் பாலியஸ்டர் பெல்ட் 12 மீட்டர். 2 அங்குல வெல்க்ரோ 4 மீட்டர். 24 லைன் அளவுப் பிரஸ் பட்டன் 40 செட். டர்ன் பட்டன் (திருப்பிப் பூட்டுவது) 20. பித்தளை ஐலெட் (துளையின் ஓரம் கிழியாமல் அடிக்கும் வளையம்) 12 மிமீ, 20. கேம் பக்கிள் (பெல்ட்டைக் கையால் இழுத்துப் பூட்டுவது) 4. நூல் 500 மீட்டர் கோன் ஒன்று. இரும்பு ஐலெட் சில ரூபாய் மிச்சப்படுத்தும், முதல் மழைக்கே துணியில் துருக்கோடு இறக்கும். சிக்கனத்தைத் துணியில் காட்டலாம். நூலிலும் பட்டனிலும் காட்ட வேண்டாம்.

பேனரில் மாதிரி வெட்டு

நேராகத் துணியில் கத்தரி வைப்பதுதான் இந்த வேலையில் அதிகம் பேர் செய்யும் தவறு. பழைய பிளெக்ஸ் பேனர் இரண்டு வாங்கி வாருங்கள்; பல இடங்களில் சும்மாவே கிடைக்கும். யார் முகம் இருந்தாலும் பரவாயில்லை, பின்பக்க வெள்ளையில்தான் கோடு போடப்போகிறோம். கனம் குறைந்தாலும் மடிப்பு விழும் விதம் தார்ப்பாய்க்கு ஓரளவு நெருங்கி வருவதால் காகிதத்தைவிட இது உண்மையைச் சொல்லும்.

மாதிரி எடுக்குமுன் முன்கண்ணாடிச் சட்டத்தின் போல்ட்டுகளை முடுக்குங்கள். அது தளர்ந்திருந்தால் உங்கள் அளவெல்லாம் வீண். பிறகு வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலை, இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலை என இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். வித்தியாசம் அரை அங்குலத்துக்குள் என்றால் பாதிக்கு மட்டும் மாதிரி எடுத்து மறுபாதிக்குத் திருப்பிப் போடலாம். அதற்கு மேல் என்றால் இரு பக்கமும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் தனித்தனியாகத்தான்.

பேனரை வில்களின் மேல் போட்டு, முன்கண்ணாடி விளிம்பில் கிளிப் மாட்டி, பின்னால் இழுத்துக் கிளிப் மாட்டி, பிறகு பக்கங்களை இழுங்கள். சுருக்கம் தெரிந்தால் கிளிப்பைக் கழற்றி அந்தச் சுருக்கம் காட்டும் திசையில் இழுங்கள். கூரை மத்தளம்போல் ஆனதும் மார்க்கரால் நடுக்கோடு, ஒவ்வொரு வில்லின் வரி, மூலை வளைவு, கீழ்விளிம்பு எல்லாவற்றையும் வரையுங்கள். இரண்டு துண்டுகள் சேரும் வரியின் குறுக்கே 6 அங்குலத்துக்கு ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தைக்கும்போது இந்தக் கோடுகள் நேருக்கு நேர் வந்தால்தான் ஒரு துண்டு நீண்டு, மற்றது குறுகி, முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும்.

மேல்துணி பக்கங்களில் வில்லின் மூலைக்குக் கீழே 4 அங்குலம் தொங்க வேண்டும், பக்கத்திரையின் வெளிப்புறமாக. இதுதான் தாழ்வாரம். இதைச் சுருக்கினால் தண்ணீர் நேராக மடியில் வடியும்.

மாதிரியைத் தார்ப்பாய்க்கு மாற்றும்போது நீளம், அகலம் இரண்டிலும் நூற்றுக்கு ஒன்று குறையுங்கள். 150 செமீக்கு ஒன்றரை செமீ. இந்தக் குறைவே பிறகு விறைப்பாகும். அதன்பின் தையலுக்கு ஒரு அங்குலம், ஓர மடிப்புக்கு 2 அங்குலம் சேருங்கள். பாவு நூல் (துணிச் சுருளின் நீளத்தில் ஓடும் நூல்) வண்டியின் நீளவாட்டில் ஓடட்டும். அந்தத் திசையில் துணி குறைவாக நீளும்.

72 அங்குல அகலத் துணி கிடைத்தால் மேல்துணி ஒரே துண்டு. 60தான் கிடைத்தது என்றால் நடுவில் தையல் போட்டுவிடாதீர்கள். நடுத்துண்டு 44 அங்குலம், இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை என்று மூன்றாகப் பிரித்து, இரண்டு தையல்களும் அந்த நீளப் பெல்ட்டுகளின் மேல் உட்காரும்படி பெல்ட்டின் இடத்தை அமைத்துக்கொள்ளுங்கள். இழுப்பைத் தையல் வாங்காமல் பெல்ட் வாங்கிக்கொள்ளும்.

தையல்

பாண்டட் பாலியஸ்டர் நூல், கனம் டெக்ஸ் 90. கடைக்காரர் டிக்கெட் 30 என்பார், இரண்டும் ஒன்றே. ஊசி 18ஆம் நம்பர். பருத்தி நூல் ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும். தையல் நீளம் 4 முதல் 5 மிமீ. நெருக்கமாகப் போட்டால் பலம் என்று நினைப்பது பிவிசியில் தலைகீழ்: தபால்தலை ஓரம்போல் துளைவரிசை விழுந்து அதன் வழியே கிழியும். முனையில் திரும்பத் தைப்பதும் மூன்று நான்கு குத்தோடு போதும்.

வீட்டு மிஷினில் மூன்று நான்கு மடிப்பு வரை சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கலாம். மிஷின் பாதம் பிவிசியில் ஒட்டிக்கொண்டு நகராது. முகப்பவுடர் கொஞ்சம் தூவினால் வழுக்கும். இரண்டு மடிப்புத் தையல்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் எட்டு அடுக்குக்கும் மேலே வரும், அங்கே வீட்டு மிஷின் கைவிரித்துவிடும். ஆட்டோவுக்கு ஹூட் தைக்கும் குஷன் கடையில் கனமான மிஷின் இருக்கும். துண்டுகளை நீங்களே வெட்டி, கோடு போட்டு, இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிக் கொண்டுபோனால் மிஷினில் தைத்து ஓட்டும் கூலி மட்டும் கேட்பார்கள். மொத்த வேலையையும் விடுவதற்கும் இதற்கும் கூலியில் பெரிய வித்தியாசம். குண்டூசி குத்தி இணைக்க வேண்டாம், அதுவும் துளைதான். கிளிப்பும் டேப்பும் போதும்.

மேல்துணியின் தையல் எல்லாம் இரட்டை மடிப்பு (இரு துண்டின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் மடிவது), இரண்டு வரி. எந்தத் துண்டு மேலே, எது கீழே என்பதில் குழப்பம் வந்தால் கீற்று வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: மேட்டுப் பக்கத் துண்டு பள்ளத்துப் பக்கத் துண்டின் மேல் படிய வேண்டும். காற்றுக்கும் அதே கணக்கு, முன்துண்டு பின்துண்டின் மேல். ஒரே ஒரு தையல் மாறிப்போனாலும் ஓடும் வண்டியின் காற்று அந்த வாயில் தண்ணீரைத் திணித்துவிடும்.

வேலை வரிசை இது. வில் உராயும் இடங்களிலும் மூலைகளிலும் ஒட்டுத்துண்டு முதலில். அடுத்து ஜன்னல். அடுத்து துண்டுகளை இணைப்பது. அதன்பின் ஓர மடிப்பு, அதற்குள் பெல்ட் துண்டு. ஐலெட்டும் பட்டனும் கடைசியில், வண்டியின் மேல் வைத்து. துண்டுகளை இணைத்தபின் ஜன்னல் தைக்க உட்கார்ந்தால் 7 கிலோ துணியை மிஷினுக்குள் சுருட்டித் திணிக்க வேண்டிவரும்.

ஜன்னலுக்கு ஓட்டை வெட்டிவிட்டு ஷீட் தைக்காதீர்கள். வெட்டிய துணி நெளிந்து, ஜன்னல் அலையலையாக வரும். முழுத் துணியின் மேல் ஷீட்டை வைத்து, சுற்றிலும் இரண்டு வரி தைத்து, பிறகு துணியைத் திருப்பி, தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் விட்டுத் துணியை மட்டும் வெட்டி, அந்த ஓரத்தை மடித்துத் தையுங்கள். ஜன்னலின் மூலைகள் 3 அங்குல ஆரத்தில் உருண்டையாக இருக்கட்டும். கூர்மூலையில்தான் கிழிசல் பிறக்கும். ஷீட்டில் தையல் நீளம் 6 மிமீ. தைக்குமுன் அரைமணி நேரம் வெயிலில் விரித்து வைத்தால் சுருள் போய்ப் படிந்து நிற்கும். பின்ஜன்னலுக்குக் கறுப்புச் சாயல் ஷீட் எடுக்க வேண்டாம். பின்கண்ணாடிக்கு 70, பக்கத்துக்கு 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. அதைவிட, இரவில் மலைப்பாதையில் ரிவர்ஸ் எடுக்கும்போது அருமை தெரியும்.

பின்திரையைச் சுருட்டி ஏற்ற 10ஆம் நம்பர் பிளாஸ்டிக் பல் ஜிப் இரண்டு பக்கமும் வைக்கலாம். உலோக ஜிப் மண்ணும் ஈரமும் பட்டு இறுகிவிடும். ஜிப் செலவு வேண்டாம் என்றால் வெல்க்ரோவும் டர்ன் பட்டனும் போதும். வெல்க்ரோவின் முள் பக்கம் எப்போதும் தரையைப் பார்க்கட்டும், சேறு அடையாது. வெல்க்ரோவை மட்டும் நம்பினால் காற்று ஒரு முனையில் பிடித்து உரித்துவிடும். 8 அங்குலத்துக்கு ஒரு பிரஸ் பட்டன் துணைக்கு வேண்டும். தாழ்வாரத்தின் உள்பக்கத்தில் பக்கத்திரை சேர்வதும் இதே முறைதான்.

வண்டியில் ஏற்றுவது

நடுப்பகல் வெயிலில் ஏற்றுங்கள். துணி இளகியிருக்கும், மாலையில் ஆறும்போது இறுகும். காலைக் குளிரில் முழு இறுக்கமாகக் கட்டியது மதியம் தொங்கும்.

முன்கண்ணாடிச் சட்டத்தில் டாப் சொருகும் காடி இருந்தால் துணியின் முன்னோரத்தில் 6 மிமீ நைலான் கயிற்றை உள்ளே வைத்துத் தைத்து, காடியில் ஒரு முனையிலிருந்து இழுத்துவிடலாம். காடி இல்லாத வண்டிக்கு 25 மிமீ அகலம், 3 மிமீ கனமுள்ள அலுமினியப் பட்டை எளிய வழி. கீழே ரப்பர் பட்டை, அதன் மேல் துணியின் மடித்த ஓரம், அதன் மேல் அலுமினியம், 4 அங்குலத்துக்கு ஒரு 5 மிமீ ஸ்டெயின்லெஸ் போல்ட். சட்டம் உள்ளே பொந்தாக இருப்பதால் ரிவெட் நட் (வெளிப்பக்கத்திலிருந்தே துளையில் பொருத்தும் நட்) போட வேண்டும். துளையிட்ட கையோடு பிரைமர் தொடுங்கள், கண்ணாடி ரப்பருக்குப் பக்கத்தில் டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள். இந்த முன்னோரம்தான் முழுக் காற்றையும் வாங்குகிறது. இங்கே பிரஸ் பட்டன் மட்டும் வைத்தால் 60 கிமீ வேகத்தில் ஒவ்வொன்றாகத் தெறிக்கும்.

முன்னோரம் பிடித்தபின் பின்னோரத்திலிருந்து நான்கு பெல்ட்டுகளைக் கேம் பக்கிள் வழியாகப் பாடியின் கொக்கிகளுக்கு இறக்கி இழுங்கள். கை வலுவுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு போதும். லாரிச் சரக்குக் கட்டும் ராட்செட் போட்டால் துணி தாங்கும், வில் வளைந்துவிடும்.

பக்கங்களுக்கு 6 அங்குலத்துக்கு ஒரு டர்ன் பட்டன் அல்லது பிரஸ் பட்டன். வரிசையாக ஒரு மூலையிலிருந்து அடித்துக்கொண்டு போனால் கடைசி மூலையில் துணி மிஞ்சும், சுருக்கம் விழும். நடுவில் ஒன்று, இரண்டு மூலைகளில் ஒவ்வொன்று, பிறகு இடைவெளிகளைப் பாதி பாதியாகப் பிரித்து, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி அடியுங்கள். ஒவ்வொரு துளையையும் துணியை இழுத்துப் பிடித்துக் குறித்த பிறகே போடுங்கள். 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3.2 மிமீ டிரில். எல்லாத் துளையையும் முன்கூட்டியே அளந்து போட்டுவிடுபவர்கள் பாடியில் உபரித் துளைகளோடு நிற்பார்கள்.

கதவு வேண்டுமானால் மிஞ்சிய பைப்பில் சட்டம் செய்து, தலையணை உறை மாதிரி துணியைத் தைத்து மாட்டலாம். முன்னோரத்தில் 2 அங்குல மடல் விட்டால் காற்று நுழையாது. அவசரமில்லை; மேல்துணி ஒரு மழையைப் பார்த்தபின் கதவைத் தொடங்குங்கள், அதற்குள் எங்கே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும்.

ஒழுகலும் ஓட்டமும்

தையல் துளைகளை அடைக்கப் பிவிசிக்குப் பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட்டை உள்பக்கத்தில் விரலால் மெல்லிசாகத் தேயுங்கள். சிலிக்கான் பிவிசியில் சரியாகப் பிடிக்காது, உரிந்து வரும், அதன் மேல் வேறெதுவும் ஒட்டவும் விடாது. குழாய் ஒட்டும் பசை காய்ந்தால் கண்ணாடியாகி நொறுங்கும். ஹாட் ஏர் கன் உள்ள தார்ப்பாய்க் கடையில் மேல்துணித் தையல்களின் மீது மட்டும் ஒரு அங்குலப் பட்டை ஒட்டித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. அதை நீங்களே செய்தால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பிவிசி கருகும் புகை தொண்டையை அரிக்கும். கித்தானுக்கு மெழுகுவத்தியைத் தையல்மேல் அழுத்தித் தேய்த்து ஹேர் டிரையரால் இளக்கினால் போதும். மெழுகுத் துணி தீப்பிடிக்கும், சைலன்சர் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

சோதனைக்கு ஹோஸ் பைப்பில் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே தையல் வரிகளில் சாக்பீஸ் பொடி தூவிப் பாருங்கள். எங்கே கசிகிறது என்று பொடி நனைந்து காட்டிவிடும். பிறகு 40, 60, 80 என்று வேகம் கூட்டி ஓட்டுங்கள். நடுவில் படபடப்பு கேட்டால் பின்பெல்ட்டை இறுக்க வேண்டும். பக்கவாட்டில் கேட்டால் பட்டன் இடைவெளி அதிகம். முன்னால் கூரை பலூன்போல் எழும்பினால் நீளப் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஒரு வாரம் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள், புதுத் துணி கொஞ்சம் நீண்டு கொடுக்கத்தான் செய்யும்.

பின்திரையை மட்டும் சுருட்டிவிட்டு முன்கதவுகளை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓடும் வண்டியின் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தம் சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தூக்கம் வந்த பிறகு கவனிப்பது தாமதம். பின்னால் திறந்தால் முன்னாலும் திறந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் மூடியிருக்க வேண்டும்.

ஜன்னல் ஷீட்டில் தூசி இருக்கும்போது காய்ந்த துணியால் துடைத்தால் நிமிடத்தில் மங்கும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் பிவிசியைத் தொடக் கூடாது; அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும், சில மாதத்தில் விறைத்து வெடிக்கும். சுருட்டும்போது ஷீட்டுக்கு நடுவே ஒரு பழைய வேட்டித் துணி வையுங்கள்.

ஒரு கை அகலத் துணித் துண்டு நான்கு, ஒரு ட்யூப் சீலண்ட், வளைந்த ஊசி, ஐந்து மீட்டர் நூல் டூல்பாக்ஸில் இருக்கட்டும். கிழிந்தால் கிழிசலின் இரு முனையிலும் சிறு வட்டத் துளை போடுங்கள், அது மேலும் ஓடாது. ஒட்டுத்துண்டின் மூலைகளை உருட்டி வெட்டி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு பக்கமும் வைத்து ஒட்டி, ஊர் வந்து சேர்ந்ததும் சுற்றிலும் தைத்துவிடுங்கள்.